கடிப்பதும் பிடிப்பதும்

அண்ணியின் முன்பல் மூன்றாவது தடவையாக உடைந்து வந்தபோது பல்லிக்கு வந்தது வருத்தம் இல்லை, எரிச்சல். வந்து போகிற எரிச்சலும் இல்லை. உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிற எரிச்சல்.

பல்லி என்றால் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை, பல் டாக்டர். பல் படிப்புக்கு இடம் கிடைத்த அன்றைக்கே அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அது. படித்து முடித்து, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஒரு நாற்காலி போட்டுச் சொந்தமாகக் கிளினிக் திறந்து, காதோரம் நாலு நரையும் எட்டிப் பார்த்தாகிவிட்டது. வீட்டில் இன்னும் அவள் பல்லிதான். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், அப்புறம் எக்கேடோ கெடட்டும் என்று விட்டுவிட்டாள்.

"திறங்க அண்ணி."

அண்ணி வாயைத் திறந்தாள். மேல்வரிசையில் நட்டநடுவே வலது பக்கத்துப் பல். போன தடவை பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டுமென்று ஜன்னல் வெளிச்சத்தில் நிற அட்டையை வைத்து வைத்துப் பார்த்து, மூன்று படலமாக வைத்து, கண் வலிக்க இழைத்து மெருகேற்றிய முனை அது. பாதி இல்லை. மீதிப் பாதியும் இன்றைக்கோ நாளைக்கோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. பல்லி காற்றுக் குழாயை எடுத்து லேசாக ஊதினாள். அண்ணி நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தாள்.

"கூசுதா?"

"கூசாம? பச்சத் தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு? வாயில ஊத்தினா சுரீர்னு மூளைக்கே ஏறுது."

அண்ணி தையல்காரி. கடைத்தெரு முனையில் இரண்டு மிஷின் போட்ட சின்னக் கடை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கையில் இருந்த தொழில். நூலை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடுகிற நேரத்தில் ஒரு கை தைத்துவிடலாம் என்று பல்லாலேயே கடித்துக் கடித்து, அந்த முன்பல்லின் முனையில் நூல் ஓடுகிற அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சிரிக்கும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பல்லியே வலியப் போய்க் கேட்டாள், சரிபண்ணித் தரட்டுமா என்று. வேண்டாத வேலை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"பல்லை ராவ வேண்டாம், மரத்துப்போக ஊசி வேண்டாம். உங்க பல்லு எப்படி இருக்கோ அப்படியே இருக்கும். அது மேலேயே பல்லு நிறத்துல பசை வச்சு, நீல வெளிச்சம் காட்டி இறுக்கிடலாம். நாளைக்கே வேண்டாம்னாலும் எடுத்துடலாம், உங்க பல்லுக்கு ஒரு சேதாரமும் இல்லை" என்று அன்றைக்குச் சொன்னாள். வைத்தும் விட்டாள். முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தபோது அண்ணி தன்னையே அடையாளம் தெரியாத மாதிரி வெகுநேரம் பார்த்தாள். வாயை மூடாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தானே இந்தத் தொழில் என்று பல்லி நினைத்துக்கொண்டது உண்மை.

அப்புறம் எல்லோருக்கும் ஒப்பிக்கிற பாடத்தை அண்ணிக்கும் ஒப்பித்தாள். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், தானாகப் போய்விடும், இந்தப் பற்பசையைத் தேயுங்கள். மெத்தென்ற பிரஷ். டீ குடித்தால் வாய் கொப்பளியுங்கள், இல்லையென்றால் கறை ஏறும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்தால் மெருகு போட்டுத் தருவேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வருஷம் அசையாது. "ஆனா ஒண்ணு அண்ணி. நூலைக் கடிக்கக் கூடாது. செத்தாலும் கடிக்கக் கூடாது." அண்ணி தலையை ஆட்டினாள். போகிற வழியிலேயே ஒரு குட்டிக் கத்தரிக்கோல் வாங்கிக் கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டுக்கொண்டாளாம். அண்ணன் சொன்னான்.

மாசம் திரும்பவில்லை, உடைந்தது. சரி, முதல் தடவை, தன் கையிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று பல்லி ஒட்டித் தந்தாள். மறுபடியும் உடைந்தது. இந்தத் தடவை நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிக் கீழ்ப்பல் எங்கே இடிக்கிறது என்று பார்த்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாளா என்று அண்ணனைக் கேட்டாள். "அவ தூங்கினா இடி விழுந்தாலும் அசைய மாட்டா. பல்லை நறநறக்கிறது நான்தான், கரண்ட் பில்லைப் பார்த்துட்டு" என்றான். இப்போது மூன்றாவது தடவை.

"நூலைக் கடிச்சீங்களா?"

"இல்ல."

"அண்ணி..."

"இல்லேங்கறேன்ல. இதோ பாரு." கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினாள். "குளிக்கும்போதுதான் கழட்டுறேன்."

"ஞாபகம் இல்லாம? அவசரத்துல? ஒரே ஒரு தடவை?"

"ஒரு தடவையும் இல்ல. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்."

"அப்ப பல்லு தானா உடைஞ்சுதா?"

"அதை நீதான் சொல்லணும். டாக்டர் நீயா, நானா?" அண்ணி கழுத்துத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பல்லியிடம் வைத்தியம் பார்த்துக்கொள்வதில் அவளுக்கும் அலுப்புத் தட்டியிருந்தது. கடையில் துணி மலைபோலக் கிடக்க இங்கே வந்து அண்ணாந்து படுத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. "ஓசிதானேன்னு பழைய பசையை வச்சு ஒட்டினியோ என்னவோ."

பழைய பசை! பல்லிக்குச் சுள்ளென்று ஏறியது. ஊருக்கெல்லாம் வைக்கிறதைவிட ஒரு படி உசத்தியான பசையை, டப்பாவைப் புதிதாகப் பிரித்து, அண்ணியாயிற்றே என்று வைத்தவள் அவள். வெளியே அரைக்கதவுக்கு அப்பால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அரைக்கதவு சத்தத்தை மறைக்காது என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவள் புத்தியில் இல்லை.

"பல்லு பொய் சொல்லாது அண்ணி. மனுஷங்கதான் பொய் சொல்வாங்க. கடிக்காம இந்த இடத்துல இப்படி உடையவே உடையாது. கடிச்சேன்னு சொல்லிட்டுப் போங்களேன், என்ன குறைஞ்சிடப் போகுது? எதுக்கு இப்படிப் புளுகணும்?"

வெளியே யாரோ இருமினார்கள். பத்திரிகை புரட்டுகிற சத்தம் நின்றுபோனது. சலவைக் கடைக்காரரும் பள்ளிக்கூட டீச்சரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருமே அண்ணியிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள். அண்ணி நாற்காலியிலிருந்து இறங்கினாள். செருப்பை மாட்டினாள். கிளினிக்கில் மாட்டிவிட்ட கழுத்துத் துணியும் அதைக் கோத்த சங்கிலியும் அப்படியே தொங்க, யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனாள். கூசுகிற பல்லும் அப்படியே போனது.

சாயங்காலம் அண்ணன் அந்தச் சங்கிலியைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டான்.

"என்னடி பேசினே அவளை?"

"உண்மையைப் பேசினேன்."

"நல்லாப் பேசினே. வெள்ளிக்கிழமை அவ பெரிய கிளினிக்குக்குப் போறா. பஸ் ஸ்டாண்டு எதிர்ல, கண்ணாடிக் கதவு போட்டது. நேரா அங்கதான் போயிருக்கா உன்கிட்டேருந்து. பசையெல்லாம் நிக்காதாம். முன்னாடி நாலு பல்லையும் ராவிட்டுத் தொப்பி மாட்டுற மாதிரி மாட்டிடுவாங்களாம். பத்துப் பதினஞ்சு வருஷம் கவலையே இல்லையாம்."

பல்லி கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். "நாலா? உடைஞ்சது ஒண்ணுதானே?"

"சிரிச்சா ஒரே மாதிரி தெரியணுமாம்."

"அட, கடவுளே! மத்த மூணும் சொக்கத் தங்கமாட்டம் இருக்கு. ஒரு சொத்தை இல்லை, ஒரு விரிசல் இல்லை. அந்த வயசுல அப்படிப் பல்லு யாருக்கு இருக்கு? அதைப் போய் ராவுறதா? நகத்தை வெட்டினா வளரும், முடியை வெட்டினா வளரும். பல்லை ராவினா ராவினதுதான். பென்சிலா அது, சீவிச் சீவி எழுத? அந்தத் தொப்பியும் ஒரு நாள் கழலும். கழண்டா அடியில என்ன இருக்கும்? நாலு குச்சி. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் தொப்பி இல்லாம இருக்க முடியாது."

"இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றே? என் பல்லையா ராவுறாங்க? அவகிட்ட போய்ச் சொல்லு. ஆனா முதல்ல தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் பல்லைப் பத்திப் பேசு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ காத்துக்கிட்டு இருக்கா. எனக்குத் தெரியும்."

"நான் ஏன் சொல்லணும்? அவங்க கடிச்சிருக்காங்க. உடைஞ்ச விதத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும், உனக்குத் தெரியாததா?" அண்ணன் எழுந்தான். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி." சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கீழே மருந்துக் கடைக்காரரிடமும் அதையே சொல்லிச் சிரிப்பது மேலே கேட்டது.

அன்றிரவு பல்லி தன் வீட்டிலிருந்து அண்ணிக்குப் போன் செய்தாள். நாலு முறை மணி அடித்து எடுத்தாள் அண்ணி.

"அண்ணி, வெள்ளிக்கிழமை போகாதீங்க."

"ஏன்?"

பல்லி ஏன் என்று சொன்னாள். எனாமலைப் பற்றிச் சொன்னாள், நரம்பைப் பற்றிச் சொன்னாள், ராவிய பல் எப்படிக் கூசும் என்று சொன்னாள். நல்ல டாக்டர், நல்லாச் சொன்னாள். மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

"முடிச்சிட்டியா?" என்றாள் அண்ணி.

"ம்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

இருந்தது. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னதாகிவிடும். இத்தனை வருஷம் எத்தனை வாயைப் பார்த்திருக்கிறாள்! நகம் கடிப்பவன் நகம் கடிக்கவில்லை என்பான், பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பவன் தண்ணீர் குடித்தபோது உடைந்தது என்பான். நாற்காலியில் உட்கார்ந்த எவன் உண்மை சொன்னான்? அண்ணிக்காக மட்டும் அவள் ஏன் தன் கண்ணைப் பொய்யாக்க வேண்டும்?

"இல்ல" என்றாள் பல்லி.

"அப்ப வச்சிடு. பொய் சொல்றவ பல்லு எக்கேடு கெட்டா உனக்கென்ன?"

வைத்த பிறகும் பல்லிக்கு மனசு ஆறவில்லை. ராவிய பற்களின் படங்களைத் தேடித் தேடி அண்ணியின் போனுக்கு அனுப்பினாள். கட்டுரை கட்டுரையாக எழுதி அனுப்பினாள். அந்த ஒரு வார்த்தையைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனை வார்த்தையையும் அனுப்பினாள். எல்லாவற்றையும் அண்ணி பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பையனின் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. முடிஞ்சுது.

பல்லி கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றாள். அந்த மூன்று நல்ல பல்லை நினைத்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. சொன்னால் கேட்டால்தானே! பிடிவாதம், பிடிவாதம், அத்தனையும் பிடிவாதம். யாருடைய பிடிவாதம் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

இது நடந்து இரண்டு மாசம் இருக்கும். பல் டாக்டர்கள் சங்கத்தில் பல்லியைப் பேசக் கூப்பிட்டார்கள். பல்லை ராவாமல் முன்பல்லைச் சீர்செய்வது எப்படி, அது எத்தனை காலம் தாங்கும், எப்படிப் பேண வேண்டும் என்பது தலைப்பு. வேறு தலைப்பே கிடைக்கவில்லை அவர்களுக்கு. மேடைக்குப் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டு வாங்கினாள். ரெடிமேட். வீட்டில் போட்டுப் பார்த்தால் தோள் ஒரு பக்கம் தொங்குகிறது, கை விரல்நுனி வரை வருகிறது. எட்டிப் பார்க்க வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "யாரோடது இது? செத்துப்போனவனோடதா?" என்றான். "வீட்டுல தையல்காரியை வச்சுக்கிட்டு இப்படிப் போய் நிக்கப் போறியா? போய்ப் பிடிச்சுத் தைச்சு வாங்கிக்கோ. அந்தச் சாக்குல பேசவாவது பேசுங்க ரெண்டு பேரும். நடுவுல கிடந்து நான் சாகிறேன்."

கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பல்லி கடைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அதற்குள் அவள் காலெடுத்து வைத்ததே இல்லை. கடைகடையாக ரெடிமேட் வாங்குகிறவளுக்குத் தையல் கடையில் என்ன வேலை? உள்ளே ஆள் திரும்ப இடமில்லை. சுவரெங்கும் தைத்து முடித்த துணிகள் ஹேங்கரில். தரையில் வெட்டுத்துணி. ஒரு மிஷின் மேல் சாக்பீஸ், அளவு நாடா, வெந்நீர் பிளாஸ்க். ஆளுயரக் கண்ணாடி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "வா" என்றாள். அவ்வளவுதான். நாலு பல்லும் வெள்ளை வெளேரென்று, வரிசை பிசகாமல் பளிச்சிட்டன. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லியால் முடியவில்லை, அவளும் தொழில் தெரிந்தவள்.

"கோட்டைக் கொஞ்சம் பிடிக்கணும் அண்ணி."

"போட்டுக்கோ. இந்த முக்காலி மேல ஏறு. கையை ரெண்டு பக்கமும் நீட்டு."

பல்லி முக்காலி மேல் ஏறிக் கையை நீட்டி நின்றாள். அண்ணி பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்துக்கொண்டாள். பல்லி கவனித்தாள். "இன்னும் கூசுதா?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல" என்றாள் அண்ணி. வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். தோளை இழுத்தாள், முதுகில் மடித்தாள், அக்குளில் கிள்ளினாள். கிள்ளிய இடத்தில் ஒரு குண்டூசி இறங்கியது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. கை வேகம் பிரமாதம். பல்லி எதையாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஆடாத" என்றாள் அண்ணி. சொல் என்னவோ இறுகிய பல் வழியாக வருகிற மாதிரி வந்தது.

பல்லி கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் தன் தோளுக்கு மேலே அண்ணியின் முகம். அந்த முகத்தில், புதுசாகக் கட்டிய நாலு பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே, தலைகளை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு வரிசைக் குண்டூசி. அண்ணியின் கை மேலே போகும், ஒன்றைப் பல்லிலிருந்து சரக்கென்று உருவும், துணியில் குத்தும், மறுபடி மேலே போகும். கண் துணியிலேயே இருந்தது. கை தானாகப் போய் வந்தது.

"அண்ணி!"

"ஆடாதேங்கறேன்ல. குத்திடும்."

"வாயில என்னது அது?"

அண்ணி ஊசிகளைக் கையில் உமிழ்ந்துகொண்டாள். "குண்டூசி. ஏன்? எச்சில் படும்னு பார்க்கிறியா? துடைச்சுட்டுத்தான் குத்துறேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"ஊசியைப் பல்லுல..."

"தொழில் கத்துக்கிட்ட நாள்லேருந்து. ரெண்டு கையும் துணியில இருக்கும்போது ஊசியை எங்க வைக்கிறதாம், தலையிலயா?"

பல்லிக்கு முக்காலியிலிருந்து குதித்து யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்க முடியாது, உடம்பெல்லாம் ஊசி. சிலுவையில் அறைந்த மாதிரி கையை நீட்டியபடியே கத்தினாள்: "கடிக்காதீங்க கடிக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே அண்ணி!"

"கடிக்கலையே!"

"இது கடிக்கிறது இல்லையா?"

"இது பிடிக்கிறது. கடிக்கிறது வேற, பிடிக்கிறது வேற. கடிச்சா நூலு அறுந்துபோகும், ஊசி வளைஞ்சுபோகும். நான் சும்மா பிடிச்சுக்கிறேன்." அண்ணிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அவளுடைய தொழிலில் அது இரண்டும் ஒன்றே இல்லை. "நீ நூலைக் கடிச்சியான்னு கேட்டே. இல்லேன்னேன். ஊசியைப் பிடிச்சியான்னு எப்பக் கேட்டே?"

கேட்கவில்லை. திருப்பித் திருப்பி நூல், நூல், நூல் என்றுதான் கேட்டாள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு வேறு கேள்வி தோன்றாது. நாள் முழுக்க அந்த மெல்லிய முனையில் இரும்பு உரசி உரசி இழுபட்டால் பசை என்ன, பாறாங்கல்லே பெயரும். தொழிலுக்குத் தக்க மாதிரி ஊசி குத்திவைக்க ஒரு குட்டி மெத்தையைக் கையில் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தால் போதும். ஒரு பல்லையும் யாரும் ராவியிருக்க வேண்டியதில்லை.

அண்ணியின் முகம் மெல்ல மாறியது. உள்ளங்கையில் இருந்த ஊசிகளைப் பார்த்தாள். நாக்கை எடுத்துப் புதுப்பற்களின் பின்னால் ஒருமுறை ஓட்டினாள். விஷயம் அவளுக்கும் எட்டிவிட்டது. இப்போது பல்லைப் பற்றி ஏதாவது கேட்பாள், அழுவாள், திட்டுவாள் என்று பல்லி காத்திருந்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லலை" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி."

"முழுசாச் சொல்லு."

"நீங்க பொய் சொல்லலை. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"இப்பச் சொல்றே." அண்ணியின் குரல் உயரவில்லை. "அந்த டீச்சர் அதுக்கப்புறம் துணி குடுக்க வந்தப்ப, தைக்கிறதுக்கு எத்தனை நாளாகும்னு கேட்டாங்க. மூணு நாள்னேன். நிஜமாவே மூணு நாளான்னு ரெண்டாந்தரம் கேட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவை அப்படிக் கேட்டதில்லை. அங்க அத்தனை பேர் முன்னாடி புளுகுணின்னுட்டு, இங்க வந்து நாலு சுவருக்குள்ள சொல்றே. அன்னிக்கு ராத்திரி போன்ல இதைச் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். போகணும்னு எனக்கு என்ன ஆசையா? அவங்க ராவுற சத்தத்துல எனக்கு உசிரே போச்சு. ஒரு போன் வராதா, எழுந்து ஓடிடலாம்னு மடியில போனை வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

அந்த நேரத்தில் பல்லி ஒரு பையனின் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு, அண்ணியின் பிடிவாதத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் துணிப்பையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். முக்காலி மேல் கையை விரித்து நிற்கிற பல்லியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"யாரும்மா இது?"

"என் நாத்தனார். பல் டாக்டர்" என்றாள் அண்ணி.

"எங்க அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள் பல்லி திடீரென்று, சத்தமாக.

அந்த அம்மாள் மிரண்டு போனார். "யார் சொன்னா சொல்றாங்கன்னு?"

"நான் சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது தப்பு. அவங்க சொன்னதுதான் உண்மை."

"ஐயோ, அதெல்லாம் உங்க வீட்டு விஷயம், எனக்கெதுக்கும்மா?" அந்த அம்மாள் அவசரமாகப் பையைப் பிரித்து மிஷின் மேல் துணியை வைத்தார். பேச்சை மாற்ற ஏதாவது கிடைக்காதா என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தார். கிடைத்துவிட்டது. "அட, பல்லு புதுசாக் கட்டியிருக்கியா? எங்க, சிரி பார்க்கலாம். ஆத்தாடி, முத்து கோத்த மாதிரி இருக்கே! நாத்தனாரே டாக்டர்னா கேக்கணுமா?" பல்லியின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் போட்டு விட்டீங்களா? ரொம்பக் கைராசிம்மா உங்களுக்கு."

பல்லி அண்ணியைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுங்கள், வேறு யாரோ செய்தது என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது.

அண்ணி அந்த அம்மாளைப் பார்த்து நாலு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"ஆமாங்க" என்றாள். "எல்லாம் இவளாலதான்."

பிறகு உள்ளங்கையிலிருந்து அடுத்த ஊசியை எடுத்து, கோட்டின் தோளை மடித்துக் குத்தினாள்.